மேல் மாகாண சபை முன்னாள் உறுப்பினர் ஒருவரின் பதவிக் குறிப்பு: குழுப் பொறுப்புகளை எங்கே, எப்படிச் சரிபார்ப்பது?

வெள்ளவத்தை வாணி

வணக்கம். எங்கள் சங்கத்தின் ஆண்டு மலரில், காலஞ்சென்ற மேல் மாகாண சபை உறுப்பினர் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் போகிறது. வீட்டார் இன்னும் சம்மதம் சொல்லாததால் பெயரை இங்கே போடவில்லை. கையில் இருப்பது ஒரு பழைய அஞ்சலிப் பிரசுரம் மட்டும்தான். அதில் உள்ள பந்தி இது:

“1999 ஏப்ரல் 6 ஆம் திகதி மேல் மாகாண சபை உறுப்பினராகப் பதவியேற்ற அன்னார், 2004 வரை அப்பதவியை வகித்தார். 2001 டிசம்பரில் பாராளுமன்றத்துக்கும் தெரிவானார். மாகாணப் பிரதிக் கல்வி அமைச்சராகவும் சுகாதாரக் குழுவின் தலைவராகவும் விளங்கினார். 2004 இல் போனஸ் ஆசனம் மூலம் 14 ஆயிரம் விருப்பு வாக்குகளுடன் மீண்டும் சபைக்கு வந்து எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் அங்கம் வகித்தார். பல சட்டங்களைக் கொண்டுவந்தார்.”

இதை அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாமா? எனக்கு முக்கியமாக வேண்டியது குழுப் பொறுப்புகள். எந்தக் குழு, அதில் என்ன பதவி, எப்போதிலிருந்து எப்போது வரை என்பதை எந்த ஆவணத்தில் பார்ப்பது? மலர் அச்சுக்குப் போக மூன்று மாதம் இருக்கிறது.

வர்த்தமானி வாசகர்

கொடுக்காதீர்கள் அக்கா. ஆறு வசனம், ஆறிலும் ஏதோவொன்று இடறுகிறது. குழுவுக்குப் போகுமுன் பதவிக் காலத்தை நேராக்க வேண்டும். அது பிழைத்தால் அதன் மேல் வைக்கும் எல்லாமே பிழைக்கும்.

மேல் மாகாண சபைத் தேர்தல் நடந்த ஆறு நாட்களையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 1988 ஜூன் 2, 1993 மே 17, 1999 ஏப்ரல் 6, 2004 ஜூலை 10, 2009 ஏப்ரல் 25, 2014 மார்ச் 29. கடைசிச் சபையின் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது. அதன்பின் வருடக்கணக்காகத் தேர்தலே இல்லை. யாராவது 1981 இல் “மாகாண சபைக்கு” வந்தார் என்று எழுதியிருந்தால் அது மாவட்ட அபிவிருத்திச் சபை. அந்தத் தேர்தல் 1981 ஜூன் 4 இல் நடந்தது. மாகாண சபை என்ற ஒன்று 1987 நவம்பரில் வந்த 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகுதான்.

இனி உங்கள் பந்தி. 1999 ஏப்ரல் 6 வாக்களிப்பு நாள். அன்று எவரும் பதவியேற்கவில்லை. வாக்கு எண்ண வேண்டும், விருப்பு வாக்கு எண்ண வேண்டும், பெயர்கள் வர்த்தமானியில் வர வேண்டும், அதன்பின் சத்தியப்பிரமாணம். சபையின் ஐந்து ஆண்டும் தேர்தல் நாளிலிருந்து ஓடுவதில்லை. முதற் கூட்டத்துக்குக் குறித்த நாளிலிருந்துதான் ஓடும், அரசியலமைப்பின் 154உ உறுப்புரை அதைத்தான் சொல்கிறது. வட மாகாண சபையை எடுத்துப் பாருங்கள். தேர்தல் 2013 செப்டெம்பர் 21, முதல் அமர்வு ஒக்டோபர் 25. அதனால்தான் 2018 ஒக்டோபர் 24 வரை அந்தச் சபை உயிரோடிருந்தது. திகதி தெரியாவிட்டால் “1999 ஏப்ரல் தேர்தலில் தெரிவானார்” என்று எழுதுங்கள், போதும்.

அடுத்தது, 2001 டிசம்பரில் பாராளுமன்றம் போனவர் 2004 வரை மாகாண சபையிலும் இருந்திருக்க முடியாது. இரண்டு ஆசனத்திலும் ஒருவர் ஒரே நேரத்தில் இருக்கச் சட்டம் இடம் தராது. மாகாண முதலமைச்சராக இருந்த சந்திரிகா குமாரதுங்க 1994 ஓகஸ்டில் பிரதமரானபோது அந்த நாற்காலியை விட்டுத்தான் போனார். ஆகவே இவரது மாகாண சபைக் காலம் 2001 இறுதியோடு முறிகிறது. முறிந்த திகதியைப் பிடிக்க ஒரு சுருக்குவழி: அவருடைய வெற்றிடத்துக்கு யார் வந்தார் என்று தேடுங்கள். அதே கட்சிப் பட்டியலில், அதே மாவட்டத்தில், தெரிவாகாதவர்களுள் விருப்பு வாக்கு அதிகம் பெற்றவர் வந்திருப்பார். அவரது பெயர் வரும் அதிவிசேட வர்த்தமானியே இவர் விலகியதற்கும் சாட்சி. பாராளுமன்றப் பக்கத்தில் சிக்கல் குறைவு. 2001 டிசம்பர் 5 தேர்தல், 2004 பெப்ரவரி 7 இல் கலைப்பு.

போனஸ் வசனத்தில் இரண்டு கோளாறு. மேல் மாகாண சபைக்கு மொத்தம் 104 பேர். கொழும்பு, கம்பஹா, களுத்துறை மூன்றுக்கும் சேர்த்து 102, மீதி 2 போனஸ். மாகாணம் முழுவதிலும் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு மட்டுமே அந்த இரண்டும் போகும். உறுப்பினரைப் பெயர் குறிப்பது கட்சிச் செயலாளர், வாக்காளர் அல்ல. ஆகவே “போனஸ் ஆசனம் மூலம் இத்தனை விருப்பு வாக்குகளுடன்” என்பது தன்னைத்தானே மறுக்கும் வசனம். விருப்பு வாக்குப் போதாமல் தோற்றவரைக் கட்சி போனஸில் எடுத்திருந்தால், அந்த 14 ஆயிரம் அவர் தோற்ற எண்ணிக்கை. இரண்டாவது, 2004 இல் மேல் மாகாணத்தில் முதலாவதாக வந்தது ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு. போனஸில் வந்தவர் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தால் இடையில் கட்சி மாறியிருக்க வேண்டும். அப்படி மாறவில்லை என்றால் அவர் போனஸில் வரவில்லை, நேரடியாக வென்றிருக்கிறார். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

பிரதிக் கல்வி அமைச்சர்: மாகாணத்தில் அப்படி ஒரு பதவி கிடையாது. முதலமைச்சரும் மேலதிகமாக நான்கு பேரும், ஆக ஐந்து. அதற்குமேல் ஓர் ஆள் கூட அமைச்சர் வாரியத்தில் இருக்க முடியாது (154ஊ). பிரதி, இராஜாங்கம் எல்லாம் கொழும்பு அரசாங்கத்துச் சமாசாரம். பிரசுரம் எழுதியவர் எதையோ கேட்டு எதையோ எழுதியிருக்கிறார்.

கொட்டாஞ்சேனைக் குமார்

வாணி அக்கா, ஒரு கேள்வி. அவர் 1999 க்கு முன் கொழும்பு மாநகர சபையில் இருந்தவரா? “சுகாதாரக் குழுத் தலைவர்” என்றால் எனக்கு முதலில் மாநகர சபைதான் நினைவுக்கு வருகிறது. அங்கே சுகாதாரம், நிதி என்று நிலையியற் குழுக்கள் உண்டு, உறுப்பினர்கள் அவற்றில் தலைவர்களாக இருப்பார்கள். இறந்தபின் எழுதும் குறிப்புகளில் மாநகர சபைப் பதவி, மாகாண சபைப் பதவி இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவது வழக்கம். நகர மண்டபத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

கைதடிக் காற்று

குமார் சொன்னது நல்ல பிடி. குழு என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு வேறு வேறு சாமான் கிடக்கிறது, எல்லாச் சிக்கலும் அதிலிருந்துதான்.

முதலாவது, சபையின் சொந்தக் குழு. நிலையியற் கட்டளைகளின் (சபையை நடத்தும் விதிகளின்) கீழ் சபையே நியமிப்பது. அதில் உறுப்பினர்கள் மட்டும்தான் இருப்பார்கள். நியமனம் அமர்வின் கூட்டறிக்கையில் பதிவாகும், குழுவின் அறிக்கையும் சபைக்குத்தான் திரும்பி வரும். கணக்குகளைப் பார்க்கும் குழு இந்த வகை. எந்தெந்தக் குழு, எத்தனை பேர் என்பது ஒன்பது மாகாணத்திலும் ஒரேமாதிரி இல்லை, அந்தந்தச் சபையின் கட்டளைகளைப் பொறுத்தது. ஆகவே பேரவைச் செயலகத்தில், அதாவது சபையின் அலுவலகத்தில், முதலில் கேட்க வேண்டியது நிலையியற் கட்டளைப் புத்தகம். குழுவின் பெயரை அதில் உள்ளபடி எழுதுங்கள், உங்கள் தமிழில் அழகுபடுத்த வேண்டாம். “கல்வி, கலாசார, விளையாட்டு மேம்பாட்டுக் குழு” என்று பெயர் நீண்டுகொண்டே போனால் யாரோ மொழிபெயர்க்கும்போது ஊதிப் பெருப்பித்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

இரண்டாவது, முழுச் சபைக் குழு. நியதிச் சட்ட (மாகாண சபை இயற்றும் சட்ட) வரைவை வாசகம் வாசகமாகப் பார்க்கும்போது சபை முழுவதும் குழுவாக மாறும். 104 பேரும் அதில் உறுப்பினர். இது பதவி அல்ல. “நியதிச் சட்டக் குழு நிலையில் பங்குபற்றினார்” என்பதை “நியதிச் சட்டக் குழு உறுப்பினர்” என்று எழுதி வைத்திருப்பார்கள், கவனம். பாராளுமன்றத்தில் பிரதிச் சபாநாயகரைக் “குழுக்களின் தவிசாளர்” என்பார்கள், அதைப் பார்த்துவிட்டு மாகாண சபைப் பிரதித் தவிசாளருக்கும் அந்தப் பட்டத்தை ஒட்டுவதும் உண்டு.

மூன்றாவது, ஒரு வேலைக்கென அமைத்து வேலை முடியக் கலையும் குழு. வட மாகாண சபை அரசியல் தீர்வு முன்மொழிவை 2016 ஏப்ரலில் நிறைவேற்றியதல்லவா, அதைத் தயாரிக்க அமைத்த குழு இந்த வகைக்கு உதாரணம். இதற்கு ஆண்டு போடும்போது நியமித்த நாள், அறிக்கை வந்த நாள் இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் மட்டும்.

நான்காவது, சபை உறுப்பினரே இல்லாத குழு. வட மாகாண அமைச்சர்கள் மீதான குற்றச்சாட்டை 2016, 2017 இல் விசாரித்த குழுவில் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருந்தார்கள். சுன்னாகம் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விடயத்தைப் பார்த்தது நிபுணர் குழு. இவற்றைப் பற்றிச் சபையில் பேசிய உறுப்பினரைக் குழு உறுப்பினர் ஆக்கக் கூடாது.

ஐந்தாவது, உங்கள் பந்தியில் உள்ள மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு. இது மாகாண சபையின் குழுவே அல்ல. மாவட்டச் செயலகம் நடத்துவது. மாவட்டத்தின் பாராளுமன்ற, மாகாண சபை உறுப்பினர்கள் பதவி வழியாகவே அங்கு அழைக்கப்படுவார்கள். ஆகவே “அங்கம் வகித்தார்” என்பது பொய் இல்லை, ஆனால் தனிச் சிறப்பும் இல்லை. இணைத் தலைவராக இருந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். பிரதேச மட்டத்திலும் இப்படி ஒரு குழு உண்டு. வெள்ளவத்தை என்றால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். ஆணைக்குழு என்பது வேறு உலகம். மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவை ஆளுநர் நியமிப்பார், அதைச் சபைக் குழுவோடு சேர்த்து எழுதினால் வாசிக்கிற உத்தியோகத்தர் சிரிப்பார்.

“தலைவர்” என்ற சொல்லிலும் ஒரு பொறி. குழுக் கூட்ட அறிக்கையின் மேல்பகுதியில் பொதுவாக மூன்று விடயம் வரும்: தலைமை, சமூகமளித்தோர், சமூகமளிக்காதோர். வழக்கமான தலைவர் வராத நாளில் வந்திருந்த ஒருவரைத் தலைமை தாங்கச் சொல்வார்கள், அன்றைய அறிக்கையில் “தலைமை” என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கும். அந்த ஒரு தாளின் போட்டோப்பிரதி வீட்டில் கிடந்து, முப்பது வருடம் கழித்து “குழுத் தலைவர்” ஆகிவிடும். குறைந்தது அடுத்தடுத்த மூன்று கூட்ட அறிக்கையாவது பாருங்கள். மேசை நடுவில் இருக்கும் படத்தை ஆதாரமாக எடுக்கவே எடுக்காதீர்கள்.

இன்னொன்று. சபை கலைந்தால் அதன் குழுவும் கலைந்தது. ஒரே ஆள் அடுத்த சபையிலும் அதே குழுவில் இருந்தாலும் அது புதிய நியமனம். “1999 முதல் 2009 வரை தொடர்ந்து” என்று இழுக்க முடியாது, இவருக்கோ நடுவில் பாராளுமன்றமும் வருகிறது.

வெள்ளவத்தை வாணி

எல்லோருக்கும் நன்றி. குமார் தம்பி, ஆம், முதலில் மாநகர சபையில் இருந்தவர்தான். அதை நான் யோசிக்கவே இல்லை.

இரண்டு விடயம் இன்னும் தெளிவில்லை. ஒன்று, “பல சட்டங்களைக் கொண்டுவந்தார்” என்பதை எப்படிச் சரிபார்ப்பது? மற்றது, பேரவைச் செயலகத்துக்கு எழுத்தில் என்ன கேட்க வேண்டும்? வெறும் கடிதமா, தகவல் அறியும் உரிமை விண்ணப்பமா? ஆவணங்கள் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும் என்றும் சொல்கிறார்கள்.

வர்த்தமானி வாசகர்

சட்டம் பற்றி நான் சொல்கிறேன். மாகாண சபை இயற்றுவது நியதிச் சட்டம். “சட்டம்” என்று மொட்டையாக எழுதினால் பாராளுமன்றத்துச் சட்டம் என்றுதான் வாசகர் எடுப்பார். இவர் இரண்டிலும் இருந்தவர் என்பதால் குழப்பம் இரட்டிப்பு.

அமைச்சராக இல்லாத உறுப்பினர் ஒருவர் நியதிச் சட்டத்தைத் தானே கொண்டுவந்து நிறைவேற்றியது அபூர்வம். மாகாண நிதியத்தில் கை வைக்கும் எந்த வரைவையும் ஆளுநரின் விதந்துரை இல்லாமல் சபையில் முன்வைக்கவே முடியாது. 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் 24 ஆம் பிரிவில் அந்தக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறது. பணம் சம்பந்தப்படாத வரைவு எத்தனை இருக்கப் போகிறது? சபை நிறைவேற்றிய பிறகும் ஆளுநரின் சம்மதம் வேண்டும். அவர் மீள் பரிசீலனைக்குத் திருப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினால் ஒன்றில் சம்மதம், இல்லையேல் ஜனாதிபதி வழியாக உயர் நீதிமன்றம். வடக்கில் முதலமைச்சர் நிதியத்துக்கான நியதிச் சட்டம் ஆளுநர் பக்கத்தில் நின்று போனது பலருக்கும் தெரியும். ஆகவே சபையில் நிறைவேறியது என்பதும் நடைமுறைக்கு வந்தது என்பதும் ஒன்றல்ல. இலக்கமும் ஆண்டும் இருந்தால்தான் நியதிச் சட்டம் என்று எழுதுங்கள்.

சாதாரண உறுப்பினர் செய்வது பெரும்பாலும் தனிநபர் பிரேரணை. அது நிறைவேறினால் சபையின் தீர்மானம், சட்ட வலு கிடையாது. பிரசுரம் சொல்லும் “பல சட்டங்கள்” இதுவாகத்தான் இருக்கும். கூட்டறிக்கையில் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் இரண்டு பெயரும் இருக்கும். முன்மொழிந்ததை மட்டும் அவர் கணக்கில் எழுதுங்கள்.

வேறு ஆட்களைப் பற்றி இதே மாதிரி எழுதுபவர்களுக்கும் ஒரு குறிப்பு. 2012 இல் உறுப்பினராக இருந்தவர் என்றால் திவிநெகும என்ற வாழ்வாதார அபிவிருத்தித் திணைக்களத்தை அமைக்கும் பாராளுமன்றச் சட்டமூலம் சபைக்கு வந்த நாளைப் பாருங்கள். அது மாகாணப் பட்டியலை (மாகாண சபைகளுக்கு ஒதுக்கிய விடயங்களை) தொட்டதால் சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. எட்டுச் சபைகளுக்குப் போனது, வடக்கில் அப்போது சபையே இல்லை. ஒரு மாகாண உறுப்பினர் நாட்டுச் சட்டம் ஒன்றில் கை தூக்கிய அரிய நாள் அது. அவர் அன்று எந்தப் பக்கம் என்று தெரிந்தால் ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பில் அதற்கு இடம் கொடுக்கலாம்.

அமைச்சராக இருந்தவர் என்றால் ஆளுநரின் நியமனத் திகதியைப் பிடியுங்கள். முதலமைச்சரின் ஆலோசனையில் நியமிப்பது ஆளுநர். நீக்குவதும் முதலமைச்சர் தனியே செய்யும் காரியம் அல்ல என்பதை தன்னை நீக்கியதை எதிர்த்து வடக்கின் அமைச்சர் டெனீஸ்வரன் போட்ட வழக்கில் 2018 ஜூன் இறுதியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவு காட்டியது. நீக்கியதாகச் செய்தி வந்த நாளை முடிவுத் திகதியாகப் போட்டால் இந்த மாதிரி இடத்தில் மாட்டுவீர்கள்.

பத்திரக்கட்டு

வாணி மிஸ், தகவல் அறியும் உரிமை விண்ணப்பமே போடுங்கள். வெறும் கடிதத்துக்குக் காலக்கெடு இல்லை, இதற்கு உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். தருவதென்றால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் கையில் வர வேண்டும், பெரிய அளவு ஆவணம் என்றால் மேலும் 21 நாள் வரை நீளலாம். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. உங்கள் மூன்று மாதத்தில் முதல் இரண்டு படிக்குத்தான் நேரம் போதும், அதனால் இந்தக் கிழமையே அனுப்புங்கள்.

விண்ணப்பதாரர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். குடும்பத்தவர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு இருந்தால் நீங்களே உங்கள் பெயரில் போடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். முகவரி: தகவல் அலுவலர், மேல் மாகாண சபைப் பேரவைச் செயலகம், டென்சில் கொப்பேகடுவ மாவத்தை, பத்தரமுல்ல. பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள், 14 நாள் எந்த நாளிலிருந்து என்ற சண்டை வராது.

விண்ணப்பங்கள் தோற்கும் இடம் கேள்வியின் வடிவம். “அன்னார் ஆற்றிய சேவைகள் பற்றிய விபரம் தரவும்” என்று கேட்டால், அப்படி ஓர் ஆவணம் எங்களிடம் இல்லை என்று பதில் வரும். அது நியாயமான பதிலும்கூட, இருக்கும் ஆவணத்தைத்தான் அவர்கள் தர வேண்டும், புதிதாக எழுதித் தர வேண்டியதில்லை. இப்படிக் கேளுங்கள்:

“1. 2004 ஜூலை 10 தேர்தலின் பின் கூடிய சபையின் உறுப்பினர் பெயர்ப் பட்டியலும் சத்தியப்பிரமாணம் செய்த திகதிகளும் அடங்கிய பக்கங்களின் பிரதி. 2. அச்சபையின் காலத்தில் நிலையியற் கட்டளைகளின் கீழ் நியமிக்கப்பட்ட குழுக்களின் பெயரும் உறுப்பினர் விபரமும் பதிவான கூட்டறிக்கைப் பக்கங்களின் பிரதி. 3. மேற்படி குழுக்களில் திரு. (பெயர்) உறுப்பினராக இருந்தவற்றின் கூட்ட அறிக்கைகளில், தலைமை தாங்கியவர், சமூகமளித்தோர் விபரம் உள்ள முதற் பக்கங்கள் மட்டும். 4. அவர் முன்மொழிந்த பிரேரணைகளின் தலைப்பும் திகதியும் உள்ள பக்கங்கள்.”

“முதற் பக்கங்கள் மட்டும்” என்பதை விட்டுவிடாதீர்கள். முழு அறிக்கை கேட்டால் பெரிய அளவு என்று காலம் நீளும். 1999 சபைக்கு இதேபோல இன்னொரு விண்ணப்பம், தனி உறையில். இரண்டையும் ஒன்றில் போட்டால் ஒன்று தாமதிக்க மற்றதும் சேர்ந்து தாமதிக்கும். அவரது கொடுப்பனவு, வைத்திய விபரம் எதையும் கேட்க வேண்டாம். தனிப்பட்ட தகவல் என்ற காரணத்தில் முழு விண்ணப்பமுமே சிக்கிக்கொள்ளும்.

பெயர் எழுத்து பெரிய தலையிடி. தமிழில் “க. செ.” என்று போட்டவர் சிங்களப் பதிவில் “கே. எஸ்.” ஆகி இருப்பார், “ஞா.” என்றால் “ஜீ.”. தேடுகிற உத்தியோகத்தருக்கு இது தெரியாது. விண்ணப்பத்தில் முழுப் பெயரையும், வேட்புமனுவில் இருந்த முதலெழுத்துகளையும், கட்சியையும், மாவட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே முதலெழுத்தும் ஒரே குடும்பப் பெயரும் உள்ள இருவர் அடுத்தடுத்த சபைகளில் இருந்தால் இருவரின் பதவியும் ஒருவர் தலையில் ஏறிவிடும். விருப்பு வாக்கு எண்ணிக்கைக்கு ராஜகிரிய தேர்தல்கள் ஆணைக்குழுவின் முடிவு ஆவணங்கள். வர்த்தமானியில் மாகாண சபைகளுக்கென்று பகுதி 4 (அ) இருக்கிறது. ஆனால் உறுப்பினர் பெயர் அறிவித்தல்களை அதில் தேடி நேரத்தைக் கழிக்காமல் அதிவிசேட இதழ்களைப் பாருங்கள்.

பத்திரிகை வேண்டுமென்றால் தேசிய சுவடிகள் கூடத்தில் வீரகேசரி, தினகரன் கட்டுகள். செய்தி வந்த நாளைச் சம்பவ நாளாக எழுதாதீர்கள், ஒன்றிரண்டு நாள் பின்னிற்கும். பத்திரிகை தலைப்பில் “நியமனம்” என்று போட்டதெல்லாம் நியமனமும் அல்ல. பெயர் பிரேரிக்கப்பட்டதோடு நின்றவை எத்தனையோ.

வெள்ளவத்தை வாணி

பதில்கள் வந்துவிட்டன, மாநகர சபையிலிருந்தும் சேர்த்து. “சுகாதாரக் குழு” குமார் தம்பி சொன்னபடி மாநகர சபைதான். “பிரதிக் கல்வி அமைச்சர்” என்பது 2004 சபையில் கல்வி தொடர்பான குழு ஒன்றின் உறுப்பினர் என்பதாக முடிந்தது. அந்தக் குழுவின் பதினொரு கூட்ட முதற் பக்கத்தில் ஒன்றில் மட்டும் தலைமை என்ற இடத்தில் அவர் பெயர். விருப்பு வாக்கில்தான் வென்றிருக்கிறார், போனஸ் அல்ல. புதுப் பந்தி இது:

“கொழும்பு மாநகர சபை உறுப்பினராக இருந்த காலத்தில் அதன் சுகாதார நிலையியற் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1999 ஏப்ரல் தேர்தலில் கொழும்பு மாவட்டத்திலிருந்து மேல் மாகாண சபைக்குத் தெரிவாகி, 2001 டிசம்பரில் பாராளுமன்ற உறுப்பினரானதும் அவ்வாசனத்தை விட்டு விலகினார். 2004 பெப்ரவரியில் பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அங்கு இருந்தார். 2004 ஜூலைத் தேர்தலில் விருப்பு வாக்கில் மீண்டும் மாகாண சபைக்கு வந்து, எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து, சபையின் கல்விக் குழுவில் உறுப்பினராகவும் தலைவராகவும் செயற்பட்டார். தமிழ்மொழிப் பாடசாலைகளின் ஆசிரியர் வெற்றிடம் குறித்த மூன்று பிரேரணைகளை முன்மொழிந்தார்.”

கைதடிக் காற்று

நல்லாக வந்திருக்கிறது. “உறுப்பினராகவும் தலைவராகவும்” என்பதில் தலைவரை வெட்டுங்கள். பதினொன்றில் ஒன்று. வீட்டார் கட்டாயம் வேண்டும் என்று நின்றால் “அதன் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார்” என்று, அந்தத் திகதியோடு. மூன்று பிரேரணையும் நிறைவேறினதா என்று கூட்டறிக்கையில் அடுத்த பக்கத்தைப் பாருங்கள், நிறைவேறியிருந்தால் அதையும் சேருங்கள். கல்விக் குழுவின் பெயர் நிலையியற் கட்டளையில் உள்ளபடிதானா?

வெள்ளவத்தை வாணி

வெட்டிவிட்டேன். இரண்டு பிரேரணை நிறைவேறியிருக்கிறது, மூன்றாவது அடுத்த அமர்வுக்கு ஒத்திவைப்பு. குழுப் பெயரைச் சிங்களப் பிரதியோடு நாளை ஒப்பிடுகிறேன்.